புக்கிக்காரரின் கணக்கு



ஏப்ரலில் நுவரெலியா குதிரைப் பந்தயம் பார்க்க நம்மில் பலர் போகிறோம். பந்தயத் திடலில் பணம் பிடிக்கும் சின்னப் புக்கிக்காரரின் ஒரு நாள் வேலையைப் பார்ப்போமா?

குதிரைகளின் பெயரையும் விலையையும் பலகையில் எழுதுவார். ஒரு குதிரைக்குப் பணம் கூடினால் அதன் விலையைக் குறைப்பார், மற்றதுக்குக் கூட்டுவார். எது ஜெயிக்கும் என்று அவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

சமபலமான இரண்டு குதிரைகள் என்று வைப்போம். 100 ரூபாய்க்கு 80 ரூபாய் லாபம் என்கிறார். ஒவ்வொன்றிலும் 1,000 ரூபாய் சேர்ந்தால் கையில் 2,000. எது ஜெயித்தாலும் கொடுப்பது 1,800. மிச்சம் 200 அவருக்கு.

சில நாள் அவருக்கும் நட்டம் வரும். ஆனால் வருசக் கணக்கில் இந்த மிச்சந்தான் அவர் வீட்டு அடுப்பை எரிக்கிறது. டவுன் புக்கிக் கடையிலும் இதே கணக்குத்தான்.

அந்த 200 யாருடைய காசு? கொழுந்து பறித்த கைகளின் காசு. சம்பள நாளில் டவுனுக்கு இறங்குமுன் ஒருதரம் யோசிப்போம்.