முதலில் நகல், பிறகுதான் வைத்தியம்

“சிஸ்டம் ரொம்ப ஸ்லோ, ஃபார்மேட் அடிச்சுக் கொடுங்க” என்று சர்வீஸுக்கு வரும் கணினிகள் பலவற்றில் கோளாறு விண்டோஸில் இருப்பதில்லை, ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தாலே பாதி தெரிந்துவிடும். டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கும். ஆனால் நொடிக்குச் சில கேபிதான் நகரும். படிக்க முடியாத செக்டர் ஒன்றோடு அது மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது.

சந்தேகம் வந்ததும் முதலில் நகல், சோதனையெல்லாம் அப்புறம். இந்த வரிசையை நான் யாருக்காகவும் மாற்றுவதில்லை. பலர் எடுத்த எடுப்பில் செக் டிஸ்க் ஓட்டுகிறார்கள். அது ஃபைல் சிஸ்டத்தின் கணக்கைச் சரிசெய்யும் கருவி. உங்கள் படங்களைக் காப்பாற்ற வந்ததல்ல. பேட் செக்டர் தேடச் சொன்னால் டிஸ்க் முழுவதையும் படிக்கும். ஹெட்டுக்கும் தட்டுக்கும் நடுவே சில நானோமீட்டர் இடைவெளிதான். தளர்ந்த டிஸ்க்கை அப்படி மணிக்கணக்கில் ஓட்டினால் மிச்சமிருப்பதும் போய்விடலாம்.

ஸ்டூடியோ வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் 1 டிபி டிஸ்க்கோடு வந்தார். “தம்பி, கல்யாண ஆல்பம் பூரா இதுலதான். செக் டிஸ்க் போட்டுப் பாக்கலாமா?”

“வேண்டாம்ணே. எந்த ஃபோல்டர் போனா கல்யாண வீட்டுக்குப் பதில் சொல்ல முடியாதோ, அதை முதல்ல சொல்லுங்க.”

அந்த ஃபோல்டரை முதலில் எடுத்தேன். பிறகு பென் டிரைவிலிருந்து லினக்ஸை ஏற்றி, டிடிரெஸ்க்யூ மூலம் முழு டிஸ்க்கையும் இன்னொரு நல்ல டிஸ்க்குக்கு நகலெடுத்தேன். சாதாரண காப்பி முதல் கெட்ட இடத்திலேயே முட்டிக்கொண்டு நிற்கும். டிடிரெஸ்க்யூ அதைத் தாண்டிப்போய், நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும். எதுவரை படித்தது என்று குறித்துவைக்கும் மேப் ஃபைல் கொடுத்துவிட்டால், நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். சில படங்கள் மணமகளின் முகம் வரை தெளிவாகவும் அதற்குக் கீழே சாம்பல் பட்டையாகவும் வந்தன. மற்றவை பிழைத்தன.

நகல் கையில் வந்தபின் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவைத் திறந்து, டிஸ்க் தன் நிலையைத் தானே பதிவுசெய்யும் ஸ்மார்ட் எண்களைப் பாருங்கள். 5 என்பது மாற்றிவைக்கப்பட்ட செக்டர்கள், 197 படிக்க முடியாமல் காத்திருப்பவை, 198 மீட்க முடியாதவை. எழுதும்போது மின்சாரம் போனாலும் 197-இல் ஒன்றிரண்டு ஏறும். அந்த இடத்தில் மறுபடி எழுதினால் இறங்கிவிடும். வாரா வாரம் ஏறினால் டிஸ்க்கை மாற்றிவிட வேண்டும். 199 மட்டும் ஏறினால் பெரும்பாலும் சாட்டா கேபிள்தான் குற்றவாளி. அதை மாற்றாமல் டிஸ்க்கைக் குப்பையில் போடாதீர்கள்.

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ ‘குட்’ என்று காட்டுவதை மட்டும் நம்பாதீர்கள். கூகுள் 2007-இல் வெளியிட்ட ஆய்வு லட்சத்துக்கும் அதிகமான டிஸ்க்குகளைப் பார்த்தது. செத்த டிஸ்க்குகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், ஸ்மார்ட் பிழை எண் எதையும் காட்டாமலே போயிருந்தன. அதேசமயம், டிஸ்க் தன்னைத் தானே சோதிக்கும்போது பதிவாகும் ஸ்கேன் பிழை முதல்முறை தோன்றிய டிஸ்க் அடுத்த 60 நாளில் சாகும் வாய்ப்பு, பிழையே இல்லாத டிஸ்க்கைவிட 39 மடங்கு.

‘டிக்... டிக்...’ என்று சீராகத் தட்டும் சத்தம் கேட்டால் கதை வேறு. யுஎஸ்பி டிஸ்க் என்றால் கேபிளையும் போர்ட்டையும் ஒரே ஒரு முறை மாற்றிப் பாருங்கள். மின்சாரம் போதாவிட்டாலும் அப்படித் தட்டும். நிற்கவில்லையா, அணைத்துவிடுங்கள். ஃப்ரீசரில் வைப்பது, மூடியைத் திறப்பது எதுவும் வேண்டாம். சர்க்யூட் போர்டை மட்டும் மாற்றினாலும் இப்போதைய டிஸ்க்குகளில் பலிக்காது. அந்தந்த டிஸ்க்குக்கான அளவீடுகள் பழைய போர்டின் சிப்பில் இருக்கின்றன. கிளீன் ரூம் உள்ள மீட்புக்கூடத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும். செலவு அதிகம்தான். பட்டப்படிப்பு ஆய்வோ, இறந்தவரின் படங்களோ என்றால் தயங்காதீர்கள்.

எஸ்எஸ்டி இப்படிச் சத்தம் போட்டு எச்சரிக்காது. பல நேரம் திடீரென்று காணாமல் போகும்.

வாரண்டி இருந்தால் சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் சரிபாருங்கள். பொதுவாக அவர்கள் வேறு டிஸ்க்தான் கொடுப்பார்கள். உங்கள் தரவு திரும்பி வராது. ஸ்டூடியோ அண்ணன் அந்தப் பழைய டிஸ்க்கில் சினிமா போட்டு வைக்கலாமா என்று கேட்டார். கூடாது என்று சொல்லி, அதன் மேல் மார்க்கரால் பெரிய பெருக்கல் குறி போட்டுக் கொடுத்தேன்.