கச்சான் காற்றும் கோடை வெப்பமும்

கச்சான் என்றவுடன் வறுத்த கடலையை நினைக்கும் மாணவர் பலர். ஈண்டு நாம் ஆராயப் புகுவது, வைகாசி முதல் ஆவணிவரை மேற்றிசையினின்று வீசி மட்டக்களப்பு நாட்டை வாட்டும் காற்றினையாம்.

தென்மேற்பருவக் காற்றுக் கடலைக் கடந்து வருவது. கொழும்பிலும் இரத்தினபுரியிலும் மழை பொழிவது. அதுவே நம் வாவிக்கரையில் அனலாவது ஏன்? மலையேறும் காற்று விரிந்து குளிர்கின்றது. நீராவி ஒடுங்கி மழையாகும்போது வெளிப்படும் மறைவெப்பம் அக்குளிர்ச்சியைக் குறைப்பதால், ஈரக்காற்று 1,000 மீற்றர் உயர்வுக்கு ஏறக்குறைய 6 பாகை செல்சியசே குளிரும். ஈரம் இழந்து கீழிறங்குங்கால் அமுக்கத்தினால் 1,000 மீற்றருக்குச் சுமார் 10 பாகை சூடேறும். இதனால், மேற்கே 28 பாகையுடன் புறப்பட்ட காற்று, 2,000 மீற்றர் மலையைக் கடந்து கிழக்கே இறங்கும்போது 36 பாகையை எய்துதல் கூடும். அல்ப்சு மலைச்சாரலிற் பனியை உருக்கும் ‘போன்’ காற்றும் இவ்வினத்ததே.

நண்பகலிற் கடற்காற்று எழுந்து எழுவான்கரையைத் தணிப்பது வழக்கம். கச்சான் வலுத்த நாளில் அது கடற்காற்றைப் பின்தள்ளிவிடும். அன்று களுவாஞ்சிக்குடிக்கும் படுவான்கரைக் கொக்கட்டிச்சோலைக்கும் வெக்கையில் வேறுபாடில்லை.

சகாரா போன்ற பெரும் பாலைவனங்களையும் இறங்கி வெப்பமுறும் காற்றே ஆக்கிற்று. நம் நாடு அந்நிலை எய்தாமைக்குக் காரணம் வடகீழ்ப்பருவ மாரியே. ஆண்டுக்கு 1,600 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழையிற் பெரும்பகுதி அக்காலத்ததாம். 2016 இறுதியில் அம்மாரி பொய்த்தது, குளங்கள் வற்றின, 2017இல் நாடெங்கும் நெல் விளைவு பெரிதும் குன்றிற்று. நிலத்தில் ஈரம் இல்லையெனின் வெயிலின் வெப்பம் நீரை ஆவியாக்குவதிற் செலவாகாது, நிலத்தையும் காற்றையுமே சுடும். எனவே மாரி பொய்த்தபின் வரும் கச்சான் இருமடங்கு கொடியது.

நெல்லுக்கு இதனால் நேரும் தீங்கு பலரால் உணரப்படுவதில்லை. பூக்கும் வேளையில் வெப்பம் 35 பாகையைக் கடந்தால் மகரந்தம் பழுதுபட்டு மணி பதராகும். பயிரோ பச்சையாகவே நிற்கும். மூன்றுமாத நெல் விதைத்து ஏறக்குறைய 60 நாளிற் பூக்கும். பங்குனி நடுவில் விதைத்தது வைகாசி நடுவிற் பூத்துவிடும். சித்திரை இறுதிவரை தாழ்த்தியது ஆனி இறுதியிற் கச்சானின் நடுவே பூக்கும். சிறுபோக ஆரம்பக் கூட்டத்தில் விதைப்பு நாளைக் குறிப்போர் உன்னிச்சைக் குளத்தின் நீர்மட்டத்தோடு இந்நாட்கணக்கையும் நோக்குதல் வேண்டும்.