ஆலோசகருக்குப் பணம் கொடுப்பது யார்?

எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். முடிவுகள் வந்த கையோடு கல்விக் கண்காட்சிகள் களைகட்டும். "வெளிநாட்டுக் கல்விக்கு ஆலோசனை இலவசம்" என்பார்கள். இலவசம் நமக்குத்தான். மாணவர் சேர்ந்ததும், பெரும்பாலும் முதலாண்டுக் கட்டணத்தில் ஒரு பங்கைப் பல்கலைக்கழகமே முகவருக்குக் கமிஷனாகக் கொடுத்துவிடும்.

இதில் அமெரிக்கச் சட்டம் விந்தையானது. மத்திய அரசின் மாணவர் உதவிநிதி பெறும் கல்லூரிகள் ஆள் சேர்ப்புக்குக் கமிஷன் தரக்கூடாது என்று 1992-இல் தடை விதித்தது. வெளிநாட்டில் வாழும் அந்நிய மாணவர்களைச் சேர்ப்பதற்கு மட்டும் விலக்கு. தம் பிள்ளைகளுக்கு ஆகாதது நம் பிள்ளைகளுக்கு ஆகுமாம்! ஆஸ்திரேலியாவிலோ, பல்கலைக்கழகம் தன் முகவர்களின் பெயர்ப் பட்டியலை இணையத்தளத்தில் வெளியிட்டாக வேண்டும்.

ஆனால் அப்பட்டியல் முகவரைத்தான் காட்டும். பட்டம் மலேசியாவில் செல்லுமா என்பதைக் காட்டாது. உக்ரைனின் கிரிமியா மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு அளித்த அங்கீகாரத்தை நம் அரசு 2005-இல் மீட்டுக்கொண்டபோது இந்தியச் சமூகத்தில் எழுந்த கொந்தளிப்பை மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். மருத்துவம் என்றால் மலேசிய மருத்துவ மன்றத்தையும், பொறியியல் என்றால் பொறியாளர் வாரியத்தையும் முன்பணம் கட்டுமுன் நீங்களே விசாரியுங்கள்.

முகவரிடமும் ஒன்று கேளுங்கள்: எத்தனை பல்கலைக்கழகங்களுக்கு ஆள் சேர்க்கிறீர்கள்? ஒன்றிரண்டு என்றால், அவருடைய ஆலோசனையும் அந்த ஒன்றிரண்டைத்தான் சுற்றிவரும்.