தொழிலுக்குத் துணை நிற்கும் படங்கள்

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு



இன்றைய உலகம் படங்களின் உலகம் என்றால் அது மிகையாகாது. 1826 அல்லது 1827-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டைச் சேர்ந்த நீப்ஸ் என்பவர், தம் வீட்டுச் சன்னல் வழியே தெரிந்த கூரைகளைப் படமாக்குவதற்குப் பல மணி நேரம் வெயிலை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதாயிற்று. இன்றோ நாம் கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு படம் எடுத்து, மறு நொடியே உலகம் காணும்படி செய்துவிடுகிறோம். வேலை தேடுவோரும் வேலை தருவோரும் சந்திக்கும் லிங்க்ட்இன் 2003-இல் வந்தது. யூடியூப் 2005-இல் வந்தது. இன்ஸ்டாகிராம் 2010-இல் வந்தது. சிறு வணிகர்களுக்கென்றே வாட்ஸ்அப் பிசினஸ் 2018-இல் வந்தது. மருத்துவர், தையற்காரர், ஊறுகாய் போடுபவர் என எல்லோருமே இன்று தம் தொழிலைப் பற்றிப் படத்தோடு பதிவிடுகின்றனர்.

ஆனால் பொழுதுபோக்கிற்காக இடும் படம் வேறு. தொழிலுக்காக இடும் படம் வேறு. முன்னதில் பிழை நேர்ந்தால் தோழியர் சிரிப்பார்கள். பின்னதில் பிழை நேர்ந்தால் பணமும் போகும், பெயரும் போகும். இதை நான் பாடப் புத்தகத்தில் படிக்கவில்லை. திண்டுக்கல்லில் உள்ள என் சித்தியின் வீட்டுக் கூடத்தில், காலாண்டு விடுமுறையில் கற்றுக்கொண்டேன்.

சித்தி சுங்குடிச் சேலை விற்கிறார். மதுரைக்குப் பேருந்தில் சென்று சேலைகளை வாங்கி வந்து, வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் படம் போட்டு, கூரியரில் அனுப்புவார். கடையும் கிடையாது, பெயர்ப்பலகையும் கிடையாது. வாங்குகிறவர்களுக்கு அந்தப் படம்தான் கடை. "உனக்குத்தான் செல்போன் நன்றாகத் தெரியுமே, நீ எடுத்துக் கொடு கண்ணு" என்று சித்தி சொன்னபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. கணக்கு சித்தியின் பெயரில் இருந்தது. படம் மட்டும் என் பொறுப்பு.

முதல் நாள் இரவே பத்துச் சேலைகளைப் படமெடுத்தேன். கூடத்தில் ஒரு ட்யூப்லைட்டும், பூஜை அலமாரி போலச் சித்தி வைத்திருக்கும் மாதா படத்தின் முன் ஒரு குண்டு பல்பும் எரிந்தன. அரக்கு நிறச் சேலை ஒன்று படத்தில் செக்கச் செவேலென்று விழுந்தது. "அழகாகத்தானே இருக்கிறது" என்று நானும் விட்டுவிட்டேன். கோயம்புத்தூரிலிருந்து ஓர் அம்மையார் அதை வாங்கினார். நான்காம் நாள் சேலை திரும்பி வந்தது. "சிவப்பு என்று நினைத்துத் தங்கை நிச்சயதார்த்தத்திற்கு வாங்கினேன், நீங்கள் ஏமாற்றிவிட்டீர்கள்" என்று எழுதியிருந்தார். போக வர அஞ்சல் செலவு சித்தியுடையது. சித்தி என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

இது ஏன் நேர்ந்தது? நம் கண் எந்த விளக்கின் கீழும் வெள்ளையை வெள்ளையாகவே காட்டிவிடும். கேமராவுக்கு அந்தத் திறமை குறைவு. குண்டு பல்பின் ஒளி ஏறத்தாழ 2700 கெல்வின் அளவில் மஞ்சளும் சிவப்பும் கலந்தது. நண்பகல் வெளிச்சம் ஏறத்தாழ 5500 கெல்வின். இரண்டு வகை ஒளி ஒரே சேலையின் மேல் விழும்போது, கேமரா எதை வெள்ளையென்று கொள்வது எனத் தெரியாமல் தவறிவிடுகிறது. ஆகவே துணி, நகை, உணவு ஆகியவற்றைப் படமெடுப்போர் முதலில் செய்ய வேண்டியது, எல்லா விளக்குகளையும் அணைப்பது! பிறகு நேர் வெயில் படாத சன்னல் ஓரத்திலோ தாழ்வாரத்திலோ பொருளை வைக்க வேண்டும். ஒரு வெள்ளைத் தாளை ஓரத்தில் வைத்து ஒரு படம் எடுத்துப் பார்த்தால், தாள் மஞ்சளாகத் தெரிகிறதா நீலமாகத் தெரிகிறதா என்பதிலிருந்தே நிறம் எங்கே கெட்டது என்று கண்டுகொள்ளலாம். அப்படியும் வாங்குகிறவரின் செல்போன் திரை வேறு நிறம் காட்டக்கூடும். அதனால் இப்போது படத்தின் கீழ் "அரக்கு, சிவப்பு அன்று" என்று சொல்லாலும் எழுதிவிடுகிறோம்.

காணொளி எடுக்கும்போது இன்னொரு தொல்லை உண்டு. சில விளக்குகளின் கீழ் எடுத்தால் திரையில் கரிய பட்டைகள் மேலும் கீழும் ஓடும். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி உடையது. எனவே அவ்விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துடிப்பு கேமராவுக்குத் தெரிந்துவிடுகிறது. பல செல்போன்களில் கேமரா அமைப்பில் 50 ஹெர்ட்ஸ் என்று மாற்றிக்கொள்ள வழியுண்டு. பகல் வெளிச்சத்திற்குத் துடிப்பு இல்லை.

இனிப் படத்தின் வடிவத்தைப் பற்றிச் சிறிது. ரீல்ஸ் எனப்படும் குறுங்காணொளிக்கு 9-க்கு 16 என்ற நெட்டை வடிவம் வேண்டும். சேலையோ அகலமாக விரிவது. அகலமானதை நெட்டையான சட்டத்திற்குள் அடக்கும் சங்கடம் பெரிய பத்திரிகைகளுக்கும் நேர்ந்திருக்கிறது. 1982 பிப்ரவரி மாத நேஷனல் ஜியோகிராபிக் இதழின் அட்டையில், எகிப்திலுள்ள கீசா பிரமிடுகளின் அகலமான படம் ஒன்றைப் பொருத்துவதற்காகக் கணினியால் பிரமிடுகளை நெருக்கி வைத்துவிட்டார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அசையாத பிரமிடு ஓர் அட்டைப்படத்திற்காக அசைந்தது! அது இன்றுவரை பேசப்படும் தவறாயிற்று. சேலையை மடித்து முந்தானையை மேலிருந்து தொங்கவிட்டால் எதையும் நெருக்காமலே நெட்டைச் சட்டம் நிறைந்துவிடுகிறது.

படத்தைத் திருத்துவது பற்றித் தோழியர் பலரும் என்னோடு வாதிடுவதுண்டு. எல்லோரும்தானே பில்டர் போடுகிறார்கள் என்பார்கள். மங்கலான படத்தைச் சற்று வெளிச்சமாக்குவது பிழையன்று. இல்லாததைச் சேர்ப்பதும் இருப்பதை மறைப்பதுமே பிழை என்பது என் கருத்து. 2024 மார்ச் 10-ஆம் நாள் இங்கிலாந்து அரச குடும்பத்தின் அலுவலகம், வேல்ஸ் இளவரசியும் அவருடைய மூன்று குழந்தைகளும் இருக்கும் ஒரு படத்தை அன்னையர் தினத்திற்காகச் சமூக ஊடகத்தில் வெளியிட்டது. இளவரசி சார்லட்டின் சட்டைக் கையின் ஓரம் சரியாகப் பொருந்தாமல் இருந்ததைப் பலர் கண்டார்கள். அசோசியேட்டட் பிரஸ், ராய்ட்டர்ஸ் முதலிய செய்தி நிறுவனங்கள் அப்படத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டன. மறுநாள் இளவரசியே படத்தைத் திருத்தியதற்கு மன்னிப்புக் கேட்டார். ஒரு தாய் தன் பிள்ளைகளின் படத்தைச் சீர்செய்ததில் என்ன குற்றம் என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் அது வீட்டு ஆல்பத்தில் வைத்த படமன்று. ஓர் அலுவலகம் உலகுக்கு வெளியிட்ட படம். நார்வே நாட்டில் 2022 ஜூலை முதல், விளம்பரத்தில் வருபவரின் உடலமைப்பையோ தோலையோ திருத்தியிருந்தால் அதைப் படத்திலேயே குறிப்பிட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

சுங்குடியில் இந்த மெய், பொய் என்பது இன்னும் நுட்பமானது. கைச்சுங்குடியில் துணியைச் சிறிது சிறிதாகக் கிள்ளி எடுத்து நூலால் முடிச்சிட்டுச் சாயத்தில் தோய்ப்பார்கள். முடிச்சை அவிழ்த்தால் சாயம் ஏறாத இடம் புள்ளியாக நிற்கும். கையால் கட்டியதால் ஒரு புள்ளி போல் மற்றொன்று இராது. துணியிலும் முடிச்சின் சுருக்கம் தெரியும். மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அச்சிட்டு எடுக்கும் சுங்குடி விலை குறைவு. அதுவும் நல்ல சேலைதான். ஆனால் இது வேறு, அது வேறு. தூரத்திலிருந்து எடுத்த படத்தில் இரண்டும் ஒன்றாகவே தெரியும்! ஆகவே ஒவ்வொரு சேலைக்கும் மூன்று படங்கள் என்று சித்தியும் நானும் முடிவு செய்தோம். முழுச் சேலை ஒன்று. முந்தானையும் கரையும் ஒன்று. புள்ளிகளின் சுருக்கம் தெரியுமாறு கிட்டத்தில் ஒன்று. குறை ஏதும் இருந்தால் நான்காவதாக அதையும் எடுத்துவிடுவோம். சாயம் திட்டாக விழுந்த ஒரு சேலையை அப்படிக் காட்டிச் சித்தி நூறு ரூபாய் குறைத்துச் சொன்னார். அன்று மாலையே விற்றுவிட்டது.

அந்தக் கிட்டத்துப் படமே பிறகு வினையாயிற்று. நான் எடுத்த படம் முன்பின் அறியாத வேறொரு விற்பனையாளரின் பக்கத்தில் பாதி விலையோடு இருந்ததை ஒரு நாள் கண்டோம். அவர் அனுப்பியது அச்சுச் சேலை என்று வாங்கிய ஒருவர் கீழே எழுதியிருந்தார். எங்கள் படத்தை நம்பியல்லவா அவர் ஏமாந்தார்! 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு புகைப்படத்தின் ஆசிரியர் அதை எடுத்தவரே. பணம் கொடுத்து எடுக்கச் சொல்லியிருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவருக்கே உரிமை சேரும். சித்தி எனக்குக் கொடுத்தது கடலை மிட்டாய் மட்டும்தான் என்பதால் உரிமை யாருக்கு என்று நாங்கள் இருவரும் சிரித்துக்கொண்டோம். இன்ஸ்டாகிராமிலேயே உள்ள புகார்ப் படிவத்தைச் சித்தி நிரப்பி அனுப்பினார். சில நாட்களில் அந்தப் படம் நீக்கப்பட்டது. அதே சட்டம் நமக்கும் பொருந்தும் என்பதை மறக்கலாகாது. கூகுளில் கிடைத்தது என்பதற்காக ஒரு படம் நம்முடையதாகிவிடாது. திரைப்பாடலும் அப்படியே, வணிகக் கணக்கு வைத்திருப்போர் இன்ஸ்டாகிராம் அவர்களுக்கென்று அனுமதித்த இசையிலிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது என் பெரிய பிழைக்கு வருகிறேன். எழுதலாமா வேண்டாமா என்று தயங்கிய பகுதி இது. மதுரையில் முடிச்சுப் போடும் பாட்டி ஒருவரின் வீட்டுக்குச் சித்தி என்னை அழைத்துப் போனார். முடிச்சு அவிழ்வதைக் காணொளி எடுத்தேன். பாட்டியிடம் அனுமதி கேட்டேன். "என் மூஞ்சி எதுக்கும்மா, கையை மட்டும் எடுத்துக்கோ" என்றார். அவ்வாறே செய்தேன். ஆனால் பள்ளியிலிருந்து வந்த அவருடைய பேத்தி ஆசையோடு குறுக்கே வந்து சிரித்தாள். அது அழகாக இருந்ததால் நீக்காமல் விட்டுவிட்டேன். அவளுடைய சீருடையும் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையும் அதில் தெளிவாகத் தெரிந்ததை நான் கவனிக்கவில்லை, சித்தியும் கவனிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, "இந்த ஸ்கூல் எனக்குத் தெரியுமே, எத்தனை மணிக்கு விடுவார்கள்?" என்று யாரோ ஒருவர் கீழே எழுதியிருந்தார். பிள்ளையின் தாயார் தொலைபேசியில் அழுதார். காணொளியை உடனே நீக்கினோம். ஆயினும் அதற்குள் எத்தனை பேர் அதை எடுத்து வைத்துக்கொண்டார்களோ, யார் அறிவார்? அடுத்த இரண்டு வாரம் பாட்டியே பேத்தியைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டு அழைத்து வந்தார். அத்தனை நாளும் அவருக்கு முடிச்சு வேலை பாதிதான் நடந்தது.

விடுமுறை முடிந்து இதைக் கணினி ஆசிரியையான சிஸ்டரிடம் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. அந்தக் காணொளியில் ஒரு அந்நியர் என்னென்ன தெரிந்துகொள்ள முடியும் என்று எழுதிக் கொண்டுவரச் சொன்னார். பெயர், பள்ளி, வகுப்பு, வீட்டின் முன்னால் இருந்த கோயில் வளைவு, திரும்பி வரும் நேரம் என ஒரு பக்கம் நிறைந்தது. 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்றே கொள்கிறது என்றும், அவர்கள் விவரத்தைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது என்றும் சிஸ்டர் விளக்கினார். அப்படியானால் நானும் குழந்தைதான்! கேமராவில் இடக்குறிப்பு என்னும் வசதி திறந்திருந்தால், படம் எடுத்த இடம் படத்தின் உள்ளேயே பதிவாகிவிடும் என்பதையும் அன்றுதான் அறிந்தேன். சித்தியின் செல்போனில் அதை அணைத்துவிட்டோம்.

இன்னும் இரண்டு செய்திகள் உண்டு. பேருந்திலும் அலுவலகத்திலும் காணொளியை ஒலியில்லாமல் பார்ப்போர் பலர். காது கேளாதோரும் பார்க்கிறார்கள். ஆகவே பேசுவதைத் திரையில் எழுத்தாகவும் தர வேண்டும். தானாக வரும் எழுத்தை அப்படியே நம்பாமல் தமிழைத் திருத்தியே வெளியிட வேண்டும். பார்வையற்றோர் திரையைப் படித்துச் சொல்லும் கருவியைப் பயன்படுத்துகின்றனர். அவர்களுக்காகப் படத்தில் இருப்பதைச் சொல்லால் எழுதும் வசதி இன்ஸ்டாகிராமில் 2018 முதல் உள்ளது. "சேலைப் படம்" என்று எழுதினால் அவர்களுக்கு என்ன விளங்கும்? "மாம்பழ மஞ்சள் பருத்திச் சேலை, உடல் முழுதும் மிளகளவு வெள்ளைப் புள்ளிகள், அரக்குக் கரை" என்று எழுதினால் விளங்கும். அப்படி எழுதப் பழகியபின் என் தமிழ்க் கட்டுரை மதிப்பெண்ணும் கூடியிருக்கிறது என்பதை இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

அரையாண்டு விடுமுறையில் மீண்டும் பாட்டி வீட்டுக்குப் போனோம். உள்ளே வரச் சொல்வாரோ மாட்டாரோ என்று எனக்கு நெஞ்சு படபடத்தது. அவர் மோர் கொடுத்தார். இந்த முறை கதவைச் சாத்தி, சன்னல் ஓரத்தில் கையை மட்டும் எடுத்தேன். முன்பு சித்தியின் வணிகப் பெயரைத்தான் முதலில் காட்டுவேன். இப்போது முடிச்சு அவிழ்ந்து வெள்ளைப் புள்ளிகள் பூப்போல விரியும் நொடியை முதலில் வைத்தேன். வெளியிடுவதற்கு முன் முழுக் காணொளியையும் பாட்டியிடமும் அவர் மகளிடமும் போட்டுக் காட்டினேன். மகள் சரி என்றார். பாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூன்று தடவை பார்த்தார். பிறகு, "இந்த வரிசையில நாலாவது முடிச்சு தளர்ந்திருக்கு பாரு, இதை ஊருக்கே காட்டப் போறியா? இரு, வேற துணி எடுத்துட்டு வரேன்" என்று எழுந்து உள்ளே போனார்.