பந்தயத்துக்காகக் காரின் பாரம் குறைக்கிறீர்களா?

ஒஸ்ரின் ஏ40ஐப் போர்க்காலத்தில் மண்ணெண்ணெயில் ஓட வைத்த கராஜ்கள் யாழ்ப்பாணத்தில் இருந்தன. அந்தக் கைவண்ணம் இருக்கிற ஊரில் இளைஞர்கள் காரின் உள்பக்கத்தைக் கண்டபடி பிடுங்கி எறிவதைப் பார்க்க மனம் பொறுப்பதில்லை. ஹொண்டா 1992இல் என்எஸ்எக்ஸ் காரிலிருந்து ஏறத்தாழ 120 கிலோவைக் கழித்து என்எஸ்எக்ஸ்-ஆர் செய்தது. சூப்பர் காரோ பழைய சிவிக்கோ, அதைப் பார்த்துப் படிக்கலாம்.

செய்ய வேண்டியவை

• முதலில் நிறுங்கள். லொறி நிறுக்கும் தராசில் முன்சில்லுகளை மட்டும் ஏற்றி ஒருதரம், பின்சில்லுகளை மட்டும் ஏற்றி ஒருதரம். கழற்றும் ஒவ்வொரு சாமானையும் தனியாக நிறுத்துக் கொப்பியில் எழுதுங்கள். எந்தப் பக்கம் இளைக்கிறது என்று தெரியாமல் இளைத்த கார் வளைவில் காலை வாரிவிடும்.

• ஏசி, றேடியோ, ஸ்பெயார் ரயர், சத்தம் அடக்கும் விரிப்பு ஆகியவற்றைக் கழற்றுங்கள். ஹொண்டாவும் இவற்றைத்தான் எடுத்தது. ஆனால் அதே காரில் பற்றரித் தட்டின் கீழும் றேடியேற்றருக்கு முன்னாலும் அலுமினியத் தாங்கிகளைப் புதிதாகப் பூட்டினார்கள். பலம் எங்கே கூட்ட வேண்டும் என்று அறிந்து கழித்தார்கள், கெட்டித்தனம் அதில்தான்.

• பாரம் குறைந்த சில்லுகளுக்குச் செலவழியுங்கள்.

• பிறேக் எண்ணெயைப் பந்தயத்துக்கு முன் மாற்றுங்கள். டொட் 4 எண்ணெய் புதிதாய் இருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சினால் அது 155 வரை இறங்கலாம். நமது கடற்காற்றில் ஈரத்துக்கா குறை?

• அடித்தகட்டைச் சுரண்டினால் அன்றைக்கே பெயின்ற் அடியுங்கள். உப்புக்காற்று நாளைக்கென்று காத்திராது.

செய்யக்கூடாதவை

• சட்டம், தூண்கள், கதவுக்குள் இருக்கும் குறுக்குக் கம்பி, பெல்ற் பூட்டும் இடம்: இவற்றில் துளையும் வேண்டாம், வெட்டும் வேண்டாம்.

• தண்ணீர்க் குழாயை வளைத்துப் பாதுகாப்புக் கூடு செய்யாதீர்கள். சர்வதேச மோட்டார் சம்மேளனம் பிரதான வளைவுக்குப் பொருத்தில்லாத உருக்குக் குழாய் கேட்கிறது: 45 மில்லிமீற்றர் விட்டத்துக்கு 2.5 மில்லிமீற்றர் தடிப்பு. கார் புரளும்போது தலைக்கும் தரைக்கும் நடுவே இருப்பது அது ஒன்றுதான்.

• ஏ9 வீதியில் ஓடிப் பார்க்காதீர்கள். 2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவை பொக்ஸ்ஹில் பந்தயத்தில் ஒரு கார் தடம் விலகி 7 உயிர்களைக் குடித்தது. அது பந்தயத்துக்கென்றே ஒதுக்கிய திடல். நம் வீதியிலோ பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் வருகிறார்கள். காரைக் கட்டுக்குருந்தை ஓடுதளத்துக்கு லொறியில் ஏற்றிக்கொண்டு போங்கள்.