ஹிப் ஒடுங்கிய பிறகு

கேள்வி: குழந்தைகளுக்கு மூளையுறைக் காய்ச்சல் தரும் பாக்டீரியாக்கள் காலத்துக்கேற்ப மாறுகின்றனவா?

பதில்: மாறுகின்றன, மாற்றியது தடுப்பூசி.

1980களில் அமெரிக்காவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை அதிகம் தாக்கியது ஹிப் என்ற பாக்டீரியா. பிழைத்தவர்களிலும் சிலருக்குக் காது கேட்காமல் போனது. 1990இல் கைக்குழந்தைகளுக்கும் ஹிப் தடுப்பூசி வந்ததும் அந்தத் தொற்று அபூர்வமானது. பாக்டீரியாவால் மூளையுறைக் காய்ச்சல் கண்டவர்களின் இடைநிலை வயது 1986இல் 15 மாதம்; குழந்தைகள் பெரும்பாலும் தப்பியதால் 1995இல் அது 25 வயது! மருத்துவத்தில் இப்படியொரு வெற்றி அரிது.

அடுத்து முன்னுக்கு வந்தது நியூமோகாக்கஸ் என்ற பாக்டீரியா. 2000இல் வந்த தடுப்பூசி அதன் ஏழு வகைகளை அடக்கியது. ஊசிக்குள் அடங்காத 19ஏ வகை பெருகவே, 2010இல் 13 வகைகளுக்கான ஊசி வந்தது.

பச்சிளங்குழந்தைகளுக்கு இன்றும் எதிரிகள் வேறு: பிரசவத்தில் தாயிடமிருந்து தொற்றும் பி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஈ.கோலை.

தமிழ்நாட்டு அரசுத் திட்டத்தில் ஹிப் ஊசி 2011இலும் நியூமோகாக்கல் ஊசி 2021இலும் சேர்ந்தன.