முன்னுரை நீண்டுவிட்டால்: வெட்டுவதா, இறக்குவதா, கேட்பதா?

விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரையின் முன்னுரையை ஒரே ஆள் உட்கார்ந்து நீட்டுவது அபூர்வம். போகிறவர் வருகிறவரெல்லாம் தமக்குத் தெரிந்த ஒரு வரியை, கண்ணில் முதலில் படும் இடத்தில் செருகிவிட்டுப் போவார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கட்டுரை என்று வைத்துக்கொள்வோம். முதலாம் இராஜராஜன் எழுப்பியது, 1010-இல் பணி முடிந்தது, 1987-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது: இவை மேலே நிற்க வேண்டியவை. கூடவே நடை திறக்கும் நேரம், நந்தி வளர்கிறது என்ற கதை, எந்தெந்தப் படம் அங்கே எடுத்தார்கள் என்பதெல்லாம் ஏறிவிட்டால் என்ன செய்வது?

ஆங்கில விக்கிப்பீடியாவின் நடைக் கையேடு, பொதுவாக நான்கு பத்திகள் போதும் என்கிறது. எட்டுப் பத்தியை ஒட்டவைத்து நான்காக்கிக் கணக்குக் காட்டுபவர்களும் உண்டு. எனவே பத்தியை எண்ணுவதைவிட, ஒவ்வொரு வரியும் கீழே உடற்பகுதியில் விரிவாக இருக்கிறதா என்று பாருங்கள். எந்த வழி என்பதை அதுதான் தீர்மானிக்கும்.

கீழே இருக்கிறது என்றால் தயங்காமல் வெட்டலாம். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். சான்றை முன்னுரையில் முழுதாகக் கொடுத்துப் பெயரிட்டுவிட்டு, கீழே அந்தப் பெயரை மட்டும் சொல்லி அழைத்திருப்பார்கள். மேலே வெட்டியதும் சான்றுப் பட்டியலில் சிவப்பு எழுத்தில் பிழை முளைக்கும். முழுச் சான்றையும் முதலில் கீழே கொண்டுபோய் வைத்துவிட்டு வெட்டுங்கள்.

கீழே இல்லையென்றால் இறக்குங்கள். பெரும்பாலும் இதுவே என் தேர்வு. நந்திக் கதை தொன்மங்களோடு சேரட்டும். படப்பிடிப்பு விவரம் சான்று இருந்தால் மட்டும் தனிப் பகுதிக்குப் போகட்டும். நடை திறக்கும் நேரத்துக்கு எங்குமே இடமில்லை, விக்கிப்பீடியா சுற்றுலாக் கையேடு அல்ல. நகர்த்துவதை ஒரு தொகுப்பாகவும் சுருக்குவதை இன்னொரு தொகுப்பாகவும் சேமித்தால், வரலாற்றைப் பார்ப்பவருக்கு எது போனது, எது இடம் மாறியது என்று புரியும். வேறு கட்டுரைக்கே கொண்டுபோனால், எங்கிருந்து எடுத்தது என்று தொகுப்புச் சுருக்கத்தில் எழுத வேண்டும். எழுதியவர்களுக்குப் பெயர் சேர வேண்டும் என்பது உரிமத்தின் நிபந்தனை.

சின்னக் கட்டுரைகளில் வேறொரு விசித்திரம். ஐந்து பத்தி இருக்கும், ஓர் உட்தலைப்புகூட இருக்காது. அங்கே நீளம் சிக்கலே அல்ல. முதல் பத்திக்குக் கீழே ‘வரலாறு’ என்று ஒரு தலைப்புப் போட்டால் வேலை முடிந்தது.

‘முன்னுரை நீளம்’ என்று வார்ப்புரு ஒட்டிவிட்டுப் போவது எனக்குப் பிடிக்காத வழி. ஒட்டியவர் மறந்துவிடுவார், அது ஆண்டுக்கணக்கில் தொங்கும். பொருள் உங்களுக்குச் சுத்தமாகத் தெரியாதபோது வேண்டுமானால் செய்யலாம்.

சாதி, கட்சித் தலைவர்கள், ஈழப் போர் போன்ற கட்டுரைகளில் மட்டும் கத்தரியை எடுக்கும் முன் பேச்சுப் பக்கத்தைப் படியுங்கள். அங்கே ‘எனினும்’, ‘சிலரது கருத்தின்படி’ என்று இழுக்கும் தொடர், இரு தரப்பும் மாதக்கணக்கில் வாதாடி எட்டிய சமரசமாக இருக்கக்கூடும். அழகுக்காக அதை நறுக்கினால் சண்டை மறுபடி மூளும். சுருக்கிய வடிவத்தைப் பேச்சுப் பக்கத்தில் முழுதாக வைத்து, ஒரு வாரமாவது பொறுத்து, பிறகு சேமியுங்கள். யாராவது மீள்வித்தால் திரும்பப் போடாமல் அதே இடத்தில் காரணம் கேளுங்கள்.